‘மொபைல் இஸ் குட் அண்ட் பேட், சார்’ – ஒன்பதாம் வகுப்பை இதற்கு மேல் பேச வைப்பது எப்படி?

சாக்பீஸ்தூள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் பேச்சு ஆங்கிலம், 34 பேர். பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது, பிள்ளைகள் வாயைத் திறந்தால் போதும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போன வாரம் தொழில்நுட்பத்தில் எது நியாயம் எது அநியாயம் என்று பேச வைக்கலாம் என நினைத்து, வெளிநாட்டுப் பாடப்புத்தகம் ஒன்றில் இருந்த கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். ஓட்டுநர் இல்லாத கார், பிரேக் பிடிக்கவில்லை, நேரே போனால் ஒரு பாட்டி, திருப்பினால் ஒரு குழந்தை, கார் என்ன செய்யணும்? இரண்டு நிமிடம் மின்விசிறிச் சத்தம்தான். அப்புறம் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து "சார், நம்ம ரோட்டுல அந்தக் காரே வராது சார்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன், அதோடு முடிந்தது.

சரி, கையில் இருப்பதையாவது கேட்போம் என்று மொபைல் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். முப்பது பேருக்கு முதல் வரி "மொபைல் இஸ் குட் அண்ட் பேட்". பாக்கி நாலு பேர் கொஞ்சம் படிப்பாளிகள், "மொபைல் இஸ் பூன் அண்ட் பேன்". குற்றம் அவர்கள் மேல் இல்லை. ‘அறிவியல் வரமா சாபமா’ கட்டுரையை முன்னுரை, நன்மைகள், தீமைகள், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, முடிவுரை என்று வருடா வருடம் நோட்ஸ் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தது நாம்தான். இடைவேளையில் இதே பிள்ளைகள் யாரோ யாரையோ கேட்காமல் ஸ்டேட்டஸில் போட்டதற்கு அடித்துக்கொள்கிறார்கள். கருத்து இல்லாமல் இல்லை, வகுப்புக்குள் வரும்போது வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பயிற்சி வகுப்பில் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம், நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

---

கொள்ளிடம்

சாக்பீஸ் சார், அந்தக் கார் கேள்வி மோசமான கேள்வி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-இல் இதை இணையத்தில் ஒரு விளையாட்டு மாதிரி போட்டார்கள், 233 நாடுகளிலும் பகுதிகளிலும் இருந்து சுமார் 4 கோடி முடிவுகள் வந்தன. 2018-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது, கிழக்கு நாடுகளில் முதியவரை விட்டுவிட்டுச் சின்னப் பிள்ளையைக் காப்பாற்று என்கிற சாய்வு மற்ற இடங்களைவிடக் குறைவு என்று வந்திருந்தது. அதைச் சொன்னால் பதினொன்றாம் வகுப்பு பேசும். ஒன்பதாம் வகுப்புக்கு அந்தக் கார் வேற்றுக்கிரகம்.

நான் செய்தது ரேஷன் கடை. 2020-இலிருந்து நம் கடைகளில் கைரேகை வைத்துத்தான் பொருள் வாங்குகிறோம் இல்லையா. "உங்கள் வீட்டில் யாருக்காவது ரேகை விழாமல் போயிருக்கிறதா?" என்று தமிழில்தான் கேட்டேன். பாதிக் கைகள் உயர்ந்தன. ஒரு பெண்ணின் பாட்டி நாற்பது வருடம் சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர், விரலில் ரேகையே இல்லை. முந்தானையில் விரலைத் துடைத்து வைத்துப் பார்க்கிறார், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்துப் பார்க்கிறார், இன்னொரு விரல், இன்னொரு கை, பின்னால் நிற்பவர்கள் "ஆயா, ஓரமா நில்லு" என்கிறார்கள். இவ்வளவையும் அந்தப் பெண் எழுந்து நின்று தன் விரலை மேசையில் அழுத்தி அழுத்தி நடித்தே காட்டினாள். அப்புறம்தான் ஆங்கிலத்துக்குப் போனோம். ‘ஃபேர்’, ‘பிளேம்’, ‘ட்ரஸ்ட்’ என்று மூன்றே மூன்று சொற்களைப் பலகையில் எழுதினேன், அவ்வளவுதான் என் பங்கு. பத்து நிமிடம் கழித்து அவள் சொன்னது: "மெஷின் இஸ் நாட் ராங். பாட்டி இஸ் நாட் ராங். தென் ஹூ இஸ் ராங், மிஸ்?"

அதற்கு மேல் நல்ல கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

---

நடுவர்_அவர்களே

எதற்கு இவ்வளவு சுற்று? பட்டிமன்றம் வையுங்கள் சார். ‘செல்போன் உறவுகளை வளர்க்கிறதா, அழிக்கிறதா’ என்று தலைப்புக் கொடுத்து அணிக்கு மூன்று பேர், நீங்கள் நடுவர். நான் ஒன்பது வருடமாக ஆங்கிலத்திலேயே நடத்துகிறேன். பேசாத பிள்ளைகூடப் பேசும், ஏனென்றால் அந்த வடிவம் அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. தீபாவளி பொங்கலுக்கு டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள். "ரெஸ்பெக்டட் ஜட்ஜ், மை ஆப்போனென்ட் டோல்ட் ஒன் பிக் லை!" என்று ஒரு பொடியன் கையை நீட்டிச் சொன்னான் பாருங்கள், ஆண்டு விழாவில் வைக்கிற அளவுக்கு இருந்தது.

---

கொள்ளிடம்

//பேசாத பிள்ளைகூடப் பேசும்//

பேசும், நான் மறுக்கவில்லை. யார் எழுதிக் கொடுத்ததைப் பேசும் என்பதுதான் கேள்வி. நானும் வைத்திருக்கிறேன். முதல் நாளே அணி பிரித்துவிடுகிறோம், அதன் பிறகு அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பது யாருக்கும் வேண்டாம், அதற்கே வேண்டாம். பட்டிமன்றத்தில் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல இடமே இல்லை. நடுவே மனம் மாறி "எதிரணி சொல்வது சரிதான்" என்று ஒருத்தி சொன்னால் தோற்றுப்போனாள் என்று அர்த்தம். கடைசியில் நடுவர் இரண்டு ஜோக் சொல்லிவிட்டு இரண்டும் வேண்டும், அளவோடு வேண்டும் என்று முடிப்பார். சாக்பீஸ் சார் புலம்புகிற ‘குட் அண்ட் பேட்’ அதேதானே, மைக் வைத்திருக்கிறது, அவ்வளவு வித்தியாசம்.

---

நடுவர்_அவர்களே

டீச்சர், கொஞ்சம் ஓவர். மைக் பிடிக்கத் தைரியம் வந்த பிறகுதானே சொந்தக் கருத்து? எங்கள் பள்ளியில் நாலு பேர் எதிரே வாயைத் திறந்தாலே கால் நடுங்குகிற பிள்ளைகள். முதலில் அடுத்தவர் எழுதியதையாவது சத்தமாகச் சொல்லட்டும்.

(ஆனால் அந்த "தெரியவில்லை" விஷயம் குத்துகிறது. யோசிக்கிறேன்.)

---

கடைசிபெஞ்ச்

நான் டீச்சர் இல்லை, காலேஜ் இரண்டாம் வருடம். இந்த இழை கண்ணில் பட்டது, ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

பத்தாவது படிக்கும்போது எங்கள் இங்கிலீஷ் மிஸ் இதே மாதிரி ‘டெக்னாலஜி டிஸ்கஷன்’ வைத்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய், எந்த ஆப், யாருடன் அதிகம் பேசுகிறாய், ராத்திரி எத்தனை மணி வரைக்கும், எல்லாம் இங்கிலீஷில் சொல்லணும். முதல்முறையாக ஒருவர் என்னிடம் இங்கிலீஷில் உண்மையான கேள்வி கேட்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நிறையப் பேசினேன், ஒரு பையனுடன் சாட் பண்ணுவதையும் சேர்த்து. ஃப்ரெண்டுதான், வேறு ஒன்றும் இல்லை. "வெரி குட், நல்ல ஃப்ளூயன்ஸி" என்று மிஸ் கை தட்டச் சொன்னார். பதினைந்து நாள் கழித்து பெற்றோர் கூட்டத்தில் அதை அப்படியே அப்பாவிடம் சொன்னார். போன் பிடுங்கப்பட்டது. டியூஷன் நின்றது. எனக்குப் பிறகு அதே வகுப்பில் ராத்திரி இரண்டு மணி வரை கேம் ஆடுவதாகச் சொன்ன பையன் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, அவன் அப்பா சிரித்தாராம்.

அதற்குப் பிறகு இங்கிலீஷில் யார் எதைக் கேட்டாலும் நானும் குட் அண்ட் பேட் என்றுதான் சொன்னேன். உங்கள் முப்பது பேரும் முட்டாள்கள் இல்லை சார். எதைச் சொன்னால் ஆபத்து இல்லை என்று தெரிந்தவர்கள்.

---

சாக்பீஸ்தூள்

கடைசிபெஞ்ச், இதை எழுதியதற்கு நன்றி அம்மா. வரும் சனிக்கிழமைக்கு நான் தயாராக வைத்திருந்தது என்ன தெரியுமா? ‘உன் திரை நேரம்’ என்று ஒரு படிவம். மேலே பெயர், வரிசை எண், எத்தனை மணி நேரம், எந்தெந்த ஆப். 34 பிரதி ஜெராக்ஸ் எடுத்து பையில் இருக்கிறது. பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கிறது, ரஃப் பேப்பராக ஆகும்.

---

மீன்பாடும்ஊர்

நான் இலங்கையில், மட்டக்களப்பில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு (பதினோராம் ஆண்டுப் பொதுப் பரீட்சை எழுதுகிறவர்கள்) ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அந்தத் தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. பிள்ளையின் சொந்த விஷயத்தைக் கேட்காமல் பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தைக் கேட்க வேண்டும், இரண்டும் வேறு.

எங்களுக்கு வசதியாக, வசதி என்று சொல்லக் கூடாது, நாட்டிலேயே ஒரு விஷயம் நடந்து கிடக்கிறது. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் வந்தபோது அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸப், வைபர் எல்லாவற்றையும் மறித்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு திரும்பவும் மறித்தது, மாதம் முடியும் வரைக்கும். எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, பிள்ளைகள் செத்த இடம், அதனால் குண்டைப் பற்றி நான் கேட்பதில்லை. "அந்தக் கிழமை போனில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அப்போது இவர்களுக்கு எட்டு ஒன்பது வயது, ஞாபகம் குறைவு, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் தமிழில் கேட்டுவிட்டு வந்து வகுப்பில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ‘ரிப்போர்ட்டட் ஸ்பீச்’ தானாகவே வந்து விழுந்தது. ஒருத்தியின் அம்மா சொன்னாவாம்: கனடாவில் இருக்கிற மாமாவுக்கு நாங்கள் உயிரோடு இருக்கிறம் என்று சொல்ல முடியாமல் நான் அழுதேன் என்று. பிள்ளை வகுப்பில் சொன்னது "மை மதர் செட் தட் ஐ க்ரைட்." அழுதது யார், நீயா அம்மாவா? எல்லாரும் குழம்பிப் போனார்கள். தமிழில் ‘என்று’ போட்டால் பேசினவரின் வாய்ச்சொல் அப்படியே உள்ளே இருக்கும், ஆங்கிலத்தில் ‘ஐ’யை ‘ஷி’யாக்க வேண்டும். இருபது வருடமாக நான் அட்டவணை போட்டு விளங்கப்படுத்தியது அன்றைக்கு அந்த ஒரு அழுகையில் விளங்கியது.

பிறகு கேள்வி: மறித்தது சரியா? வதந்தி பரவி இன்னும் ஆட்கள் சாகாமல் தடுத்தது என்று பாதிப் பேர். உண்மையைச் சொல்கிறவர்களின் வாயையும் சேர்த்துத்தானே கட்டினது என்று மற்றப் பாதி. தடையைச் சுற்றிப் போகிற வி.பி.என் ஆப் போட்டு எல்லாரும் பார்த்ததுதானே, பிறகு என்னத்துக்கு மறித்தது என்று ஒரு பெடியன். அணி ஒன்றும் பிரிக்கவில்லை.

---

இலக்கணப்புலி

எல்லாம் சரி, ஆங்கில வகுப்பில் பத்து நிமிடம் தமிழா? அப்புறம் எதற்கு ஆங்கில வகுப்பு? நாங்கள் படித்த காலத்தில் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் எட்டணா அபராதம். அதனால்தான் இன்றைக்கு நாலு பேர் எதிரே பேசுகிறோம்.

---

கொள்ளிடம்

எட்டணா இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்றும் எழுதுங்கள் புலி சார். எங்கள் வகுப்பில் அபராதத்துக்குப் பயந்து வருடம் முழுக்க வாயே திறக்காத பெண்கள் ஒரு பெஞ்ச் நிறைய இருந்தார்கள்.

நியாயம் அநியாயம் என்பது கோபம் வர வேண்டிய விஷயம். தெரியாத மொழியில் யாருக்கும் முதலில் கோபம் வராது, இலக்கணம்தான் வரும். தமிழில் சண்டை போடட்டும், சூடு ஆறுவதற்குள் ஆங்கிலத்துக்குக் கூட்டி வருவதுதான் நம் வேலை.

---

நெறியாளர்

அபராதக் கதைக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே தலைப்பில் இருப்போம்.

---

இரவுப்பணி

ஐடியில் இருக்கிறேன், பையன் எட்டாவது. ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், இது ஆங்கில வகுப்பா, நீதிபோதனை வகுப்பா? என் பையன் வகுப்பில் போன மாதம் ‘இணையத்தின் தீமைகள்’ கட்டுரை, பாதிப் பேர் சாட்பாட்டிடம் எழுதி வாங்கிப் போனார்கள், எந்தத் தீமைக்கு எதிராகக் கட்டுரையோ அதுவே எழுதிக் கொடுத்தது, அதற்கு முதல் பரிசும் கிடைத்தது. பயமுறுத்துவதை விட்டுவிட்டு அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுங்கள், நியாய அநியாயம் அதிலேயே வெளியே வரும்.

உதாரணத்துக்கு ஒன்று. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்று இரண்டு பேர், படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனி மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 வரைக்கும் போனது. காரணம் மந்திரம் ஒன்றும் இல்லை, அதற்குப் பழக்கக் கொடுத்த படங்களில் யார் அதிகம் இருந்தார்கள் என்பதுதான் பெரும்பகுதி. இந்த இரண்டு எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு "ஒய்?" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள் போதும்.

---

கொள்ளிடம்

இரவுப்பணி தம்பி, நல்ல உதாரணம், நானும் எடுத்துப் போயிருக்கிறேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன். எண்ணை எழுதி முடிப்பதற்குள் இரண்டாவது வரிசையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஒருவன் "மிஸ், மெஷினுக்கு இவளைத் தெரியாது மிஸ்" என்றான். கொல்லென்று சிரிப்பு. அவள் கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான். அமெரிக்காவில் நடந்த ஆய்வு எங்கள் வகுப்பில் இறங்கியதும் அது நம் ஊர்க் கேலியாக மாறிவிட்டது, முகப்பூச்சு விளம்பரம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு என்ன செய்வார்கள்.

அடுத்த வருடம் வேறு மாதிரி செய்தேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனில் குரல் தட்டச்சை ஆங்கிலத்தில் வைத்து, "உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்" என்றேன். வரிசையாக வந்து சொன்னார்கள். உறையூர், லால்குடி, திருவெறும்பூர், ஒன்றையும் அதனால் சரியாக எழுத முடியவில்லை, என்னவோ இங்கிலீஷ் வார்த்தைகளாக மாற்றி மாற்றி எழுதியது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள், ஆனால் இந்த முறை மெஷினைப் பார்த்து. அதற்குப் பிறகு 34.7-ஐ எழுதினேன். சிரிப்பு நின்றது.

---

இரவுப்பணி

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. எனக்கு அந்த வகுப்பறை தெரியாது, எண்தான் தெரியும்.

---

ஜவ்வாதுமலையடி

நான் போளூர்ப் பக்கத்துப் பள்ளி. எங்களுக்கு இந்தத் தலைப்பு வெறும் தலைப்பு இல்லை. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தி, அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்த வருடம் நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்தது, ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் பார்வர்டு பண்ண முடியாதபடி மாற்றியது.

என் வகுப்பில் அந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைதானவர்களுக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளும் இருக்கலாம், நான் கேட்டதில்லை. அதனால் கொலையைத் தொடுவதில்லை. ‘கடத்தல் கும்பல் வந்துவிட்டது, பகிரவும்’ என்கிற மாதிரி ஒரு பார்வர்டை நானே பொய்யாக எழுதி, ஊர்ப் பெயர் இல்லாமல், பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். இது ஐந்து பேர் கைமாறி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் என்ன செய்திருக்கலாம், என்ன செய்திருக்கணும்? ‘குட் ஹாவ்’ (could have), ‘ஷுட் ஹாவ்’, ‘மைட் ஹாவ்’, இந்த மூன்றைப் புத்தகத்தில் கோடிட்ட இடமாக எத்தனை வருடம் நிரப்பியிருப்போம், ஒரு பிள்ளைக்காவது வாயில் வந்திருக்கிறதா? அன்றைக்கு வந்தது. "ஹி ஷுட் ஹாவ் கால்ட் போலீஸ்." "ஷி மைட் ஹாவ் பீன் அஃப்ரெய்ட்." பயந்துதான் அனுப்பியிருப்பாள், பிள்ளை இருக்கிறவள் பயப்படத்தானே செய்வாள் என்று தமிழில் விளக்கம் வேறு.

அதுவரை பேசாமல் இருந்த ஒருவன் எழுந்தான். "ஐ ஒன்லி ஃபார்வேர்டெட், சார். ஐ டிட் நாட் ரைட்." கதையில் வருகிற ஆளாகப் பேசினானா, அவனே பேசினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ‘ஹி ஒன்லி ஃபார்வேர்டெட்’ என்று திருத்த வாய் வந்தது. திருத்தவில்லை.

---

மீன்பாடும்ஊர்

திருத்தாமல் விட்டது நல்லது சேர்.

---

நடுவர்_அவர்களே

இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. போன வருடம் ‘வாட்ஸப் நண்பனா எதிரியா’ என்று நான் வைத்த பட்டிமன்றத்தில் எதிரி அணிக்காரன் இந்த மாதிரிச் சம்பவம் ஒன்றை "ஜட்ஜ் அவர்களே" என்று கையை ஆட்டிச் சொல்லிக் கைதட்டு வாங்கினான். நானும் தட்டினேன்.

ஒரு மாற்றம் யோசித்திருக்கிறேன். இரண்டு அணியோடு நடுவில் ‘தெரியவில்லை’ என்று ஒரு பெஞ்ச். பேச்சுக்கு நடுவே யார் வேண்டுமானாலும் எழுந்து இடம் மாறலாம், ஆனால் ஏன் மாறினோம் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மாறணும். தீர்ப்பு கிடையாது. நடுவருக்கு வேலை போச்சு, பரவாயில்லை.

---

கடைசிபெஞ்ச்

அந்த நடு பெஞ்ச் எங்களுக்கு இருந்திருந்தால் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

---

சாக்பீஸ்தூள்

மூன்று சனிக்கிழமை கழித்து வருகிறேன். என்ன ஆச்சு என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்குச் சேர்த்து இங்கேயே.

முதல் வாரம் நூறு நாள் வேலை. எங்கள் ஊரில் பாதி அம்மாக்கள் அதற்குத்தான் போவார்கள். 2023 ஜனவரியிலிருந்து எல்லா இடத்திலும் வருகைப் பதிவு ஆப்பில்தான், ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்று ஆனது பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் ஏரிக்கரையில் டவர் கிடைக்காது. மேட்டில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், வேலை சீக்கிரம் முடிந்தாலும் இரண்டாவது போட்டோவுக்கு வெயிலில் காத்திருக்க வேண்டும். "முன்னாடி வேலைக்கு வராதவங்க பேரை எழுதிக் காசு எடுத்தாங்க, அதுக்குத்தான் போட்டோ" என்று ஒருத்தி, "எடுத்தவன் யாரு, நிக்கிறது யாரு?" என்று இன்னொருத்தி. இதெல்லாம் தமிழில். ஆங்கிலத்தில் வந்தது நாலு வாக்கியம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதில் ஒன்று: "போட்டோ இஸ் ஃபார் தீஃப். பட் மை மதர் இஸ் ஸ்டாண்டிங்." இதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் சொதப்பல். சாட்பாட்டிடம் ‘பள்ளிக்கூடத்தில் போன் அனுமதிக்கலாமா’ என்று ஒரு பக்கம் எழுதி வாங்கி, அதில் நம் ஊரில் யாரும் சொல்லாத வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள் என்று கொடுத்தேன். பிள்ளைகள் போனை ‘லாக்கரில்’ வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. லாக்கர் என்றால் நகை வைக்கிற பேங்க் லாக்கர் என்று நினைத்துக்கொண்டார்கள், போனை எதற்கு பேங்கில் வைக்கணும் என்பதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் இயந்திரங்களே பேசுவதாக ஒரு பாட்டு இருக்கிறதே, அன்பும் இரக்கமும் மன்னிப்பும் எங்களுக்குத் தெரியாது என்று, அதைக் கொண்டுவந்து ஒட்டப் பார்த்தேன். ஒட்டவில்லை.

மூன்றாவது வாரம் நேற்று. எந்தத் தலைப்பும் கொண்டுபோகவில்லை. "கேள்வி நீங்கள் கேளுங்கள், எதைப் பற்றி வேண்டுமானாலும், யாரை வேண்டுமானாலும்" என்றேன். முதல் நாள் "அந்தக் காரே வராது சார்" என்று சொன்னானே, அவன் எழுந்தான். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்து வாக்கியத்தைக் கோர்த்துக்கொண்டு சொன்னான்: "சார், எவ்ரி சாட்டர்டே யூ டேக் அவர் போட்டோ. யூ நாட் ஆஸ்க் அஸ்."

உண்மை. சனிக்கிழமை வகுப்பு நடந்ததற்கு ஆதாரமாக ஒரு போட்டோ எடுத்து ஆசிரியர் குழுவில் போட வேண்டும். அங்கிருந்து அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அவனிடம் நான் முதலில் சொன்ன பதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, "யூ டிட் நாட் ஆஸ்க் அஸ்". இலக்கணத்தைத் திருத்தினேன். அவனும் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னான்: "யூ டிட் நாட் ஆஸ்க் அஸ், சார்."

---

இரவுப்பணி

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. உங்கள் பையன் கேட்டது அதுகூட இல்லை பாருங்கள், அப்பாவைக் கேட்டாயா என்று அவன் கேட்கவில்லை. தன்னைக் கேட்டாயா என்கிறான். நான் மென்பொருள் எழுதுகிறவன், எங்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

---

கொள்ளிடம்

அப்புறம் என்ன செய்தீர்கள் சார்? போட்டோ எடுத்தீர்களா?

---

சாக்பீஸ்தூள்

எடுத்தேன் டீச்சர், எடுத்துத்தான் ஆகணும். ஆனால் கேட்டுவிட்டு எடுத்தேன். வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றேன். முதலில் யாரும் நகரவில்லை. அப்புறம் அவன் வந்தான், அவன் பின்னால் ஐந்து பெண்கள் வந்தார்கள். போட்டோவில் 28 பேர்.

குழுவில் போட்டதும் தலைமை ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "சார், ஆறு பேர் ஆப்சென்ட்டா?" இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும். இன்னும் பதில் போடவில்லை.